செவ்வாயும் வெள்ளியும் எங்கள் விமானம்

என் ஆயுளில் நான் விமானம் ஏறியது ஒரே ஒரு நாள்தான். சுற்றுலாவுக்கு அல்ல, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அல்ல, மன்னிப்புக் கேட்பதற்கு. போக ஒன்று, வர ஒன்று என்று அதை இரண்டு முறையாகவும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் போகும்போது நான் கண்ணைத் திறக்கவே இல்லை. அதையும் சேர்த்துக்கொள்வது நியாயமாகாது.

மரக்காணத்து உப்பளம் ஒன்றில் லாரிக்கு உப்பு ஏற்றி அனுப்பும் சூப்பர்வைசர் நான். எங்கள் உப்புக் கம்பெனிக்கு ஒரு காலத்தில் விமானம் இருந்தது என்று சொன்னால், இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சற்று நெருங்கி வந்து என் வாயை மோந்து பார்க்கிறார்கள். முழு விமானம் என்று நானும் சொல்லவில்லை. மருந்துக் கம்பெனி ஒன்று, இறால் கம்பெனி ஒன்று, நாங்கள் என்று மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஆறு சீட்டு விமானம். திங்களும் வியாழனும் மருந்து, புதனும் சனியும் இறால், செவ்வாயும் வெள்ளியும் உப்பு. ஞாயிற்றுக்கிழமை அது புதுச்சேரி லாஸ்பேட்டையில் இறக்கையை விரித்துக்கொண்டு சும்மா நிற்கும். எங்கள் வீட்டில் ஒரே சைக்கிளை மூன்று அண்ணன் தம்பிகள் முறை வைத்து ஓட்டியதுதான் ஞாபகம் வரும்.

அந்த ஏற்பாட்டைச் செய்தவர் எங்கள் கம்பெனி முதலாளி மேடம். பாத்திகளில் வேலை செய்யும் பெண்கள் அவரை "அம்மா" என்பார்கள். ஆபீஸில் நாங்கள் மேடம் என்போம். பக்கத்து அளத்துக்காரர்கள் டீக்கடையில் வேறு மாதிரி சொல்வார்கள். "உப்புக்கு ஏரோபிளானு. அடுத்து கருவாட்டுக்குக் கப்பல் வாங்குவாங்க பாரு" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர், "அதுல இன்னா தப்பு, கருவாடு கடல்லேருந்துதானே வந்துச்சு" என்பார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, சிரித்தது மேடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிவேன். என் சுபாவம் அப்படி. முதலில் வாய் சிரிக்கும், பிறகு வயிறு அழும்.

விமானம் எதற்கு என்று ஆடிட்டர் கேட்டபோது மேடம் சொன்ன பதிலை நான் பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன்.

"சார், திருப்பூருக்கு ரோட்ல போனா ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்துல நம்ம மனசு சும்மா இருக்காது. திண்டிவனம் தாண்டும்போது தப்பு நம்மளது. சேலம் தாண்டும்போது ரெண்டு பேர்துமா ஆயிடும். போய் எறங்கும்போது முழுசா அவங்களதா மாறிடும். வெறும் ரெண்டு மணி நேரத்துல போனா, தப்பு சூடு ஆறாம அப்படியே போய்ச் சேரும்."

ஆடிட்டர் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவிட்டார்.

மற்ற கம்பெனிக்காரர்கள் விமானத்தை வைத்துக்கொண்டு பெரிய மனிதர்களை அழைத்துப் போனார்கள். விருந்து, கோயில், கோல்ஃப் என்று விமானம் ஓட்டும் கேப்டன் கதை கதையாகச் சொல்வார். எங்கள் மேடம் பெரும்பாலும் அதில் ஏறிப் போனது ஒரே காரியத்துக்கு. யாருக்காவது எங்கள் உப்பால் கஷ்டம் வந்தால், போன் வந்த வாரத்திலேயே அவர்கள் முன்னால் போய் நிற்பதற்கு. நிற்பதற்கு என்றால் நிஜமாகவே நிற்பதற்கு. எதிரில் இருப்பவர் தாமாக உட்காரச் சொல்லும்வரை அவர் உட்கார மாட்டார். "போன்ல கேக்கிற மன்னிப்பு ஈர உப்பு மாதிரி. மூட்டைக்குள்ளயே தண்ணி விட்டுடும்" என்பார்.

கொல்லத்தில் கருவாட்டு வியாபாரி ஒருவருக்கு எங்கள் லாரி இரண்டு நாள் தாமதமாகப் போய், மீனெல்லாம் கெட்டுவிட்டது. மேடம் போய் அவர் முற்றத்தில் நின்றாராம். அழுகிய மீன் குவியலுக்கும் ஈக்கூட்டத்துக்கும் நடுவில் முக்கால் மணி நேரம். மூக்கில் முந்தானை வைக்கவில்லை. கேப்டன் மட்டும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கடைசியில் அந்த மனிதர் மலையாளத்தில் என்னவோ சொல்லி ஒரு மரப்பெட்டியைக் காலால் தள்ளினார். மேடம் அதில் உட்கார்ந்து அவர் கொடுத்த பாலில்லாத கட்டன் சாயாவைக் குடித்தார். அதற்குப் பிறகு அந்த வியாபாரி உப்புக்கு வேறு ஊர்ப் பக்கம் பார்க்கவே இல்லை.

பார்ப்பதற்கு மேடம் விமானத்தில் போகிறவர் மாதிரி இருக்க மாட்டார். நூல் புடவை, உப்புப் பூத்து வெடித்த கேன்வாஸ் ஷூ, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. கைப்பைக்குள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் எங்கள் உப்பு எப்போதும் இருக்கும். வழியில் கொய்யாப்பழம் கண்டால் வண்டியை நிறுத்தி, நாலாக வெட்டி, அந்த உப்பைத் தொட்டுத் தின்பார். எங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பெயருக்குப் பதில் "சூப்பர்வைசர் சார்" என்று ஆரம்பித்தால், நான் மனதுக்குள் என் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை கட்டினேன். லாரி ஒன்று போகவில்லை என்று எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். மறுநாள் அனுமந்தையில் என் வீட்டு வாசலில் அவர் கார் வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலை போய்விட்டது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. குடும்பத் தலைவன் செய்ய வேண்டியதைச் செய்தேன். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

வெளியே என் மனைவி, "உள்ள வாங்கம்மா, அவர் குளிக்கிறாரு" என்பது கேட்டது. ஆகவே நான் குளிக்க வேண்டியதாயிற்று. சத்தம் வர வேண்டுமே என்று சொம்பு சொம்பாகத் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். தொட்டி காலியாகும்வரை ஊற்றினேன். அவர் போகிற மாதிரி இல்லை. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் துவைத்த துணி குவிந்திருந்ததால் என் மனைவிக்கு உட்காரச் சொல்லத் தோன்றவில்லை. அவரும் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் சொட்டு ஈரமில்லாத தலையோடு வெளியே வந்தேன்.

"நேத்து லாரி போகாததுக்கு நீங்க காரணம் இல்ல. கேட் பாஸ்ல நான்தான் கையெழுத்து போடாம வெச்சிருந்தேன். எல்லார் முன்னாடியும் திட்டினேன், எல்லார் முன்னாடியும் நாளைக்கிச் சொல்லிடறேன். ஆனா நீங்க அந்த மூஞ்சியோட வீட்டுக்கு வந்திருப்பீங்க இல்ல, அதான் உங்க வீட்டம்மா முன்னாடியும் சொல்லணும்னு வந்தேன்" என்றார்.

என் மனைவி துணிக் குவியலை அப்படியே தரையில் தள்ளிவிட்டு, "உக்காருங்கம்மா" என்றாள். அவர் உட்கார்ந்தார். இரண்டு வாய் காபி குடித்ததும், "ஊர்ல தண்ணிப் பஞ்சம்னு சொன்னாங்க, உங்க வீட்டுல நல்லாதான் வருது" என்றார்.

சரி, என் விமானத்துக்கு வருகிறேன்.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீசனில் முதலில் வாருகிற உப்பில் சேறும் கசப்பும் சேர்ந்திருக்கும். அது தோல் பதனிட, ஐஸ் கட்டிக்குப் போடப் போகும். துணியில் சாயம் பிடிக்க உப்புப் போடும் சாயப்பட்டறைக்குப் போகவே கூடாது. போனால் துணியில் சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். குவித்து வைத்துவிட்டால் எல்லா அம்பாரமும் பார்ப்பதற்கு ஒன்றுபோல வெள்ளையாகத்தான் இருக்கும். அதனால் முதல் வாரு உப்பு அம்பாரத்தின் தலையில் ஒரு சவுக்குக் குச்சியை நட்டு வைப்போம். குச்சி இருந்தால் சாயத்துக்கு இல்லை. போர்டு, நம்பர் எதுவும் கிடையாது. அந்தக் குச்சிதான் சட்டம்.

அளத்துக் காவல்காரரிடம் ஒரு கருப்பு நாய் இருந்தது. அது உலகத்தில் எல்லோரிடமும் வாலாட்டும், என்னைத் தவிர. ஒரு மத்தியானம் அது என்னைத் துரத்தியது. நான் ஓடினேன். கைக்கு எட்டிய அம்பாரத்தின் மேல் ஏறி, அதிலிருந்த குச்சியைப் பிடுங்கி ஓங்கினேன். நாய் ஒரே தாவலில் குச்சியைக் கவ்விக்கொண்டு சவுக்குத் தோப்புப் பக்கம் ஓடிப் போனது. வேறு குச்சி நட வேண்டும் என்று எனக்கு உடனே தோன்றியது. டீ குடித்துவிட்டு நடலாம் என்று தோன்றியது. டீ குடித்த பிறகு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் லோடு ஏற்றும் கோஷ்டி வந்தது. அஞ்சலை அக்கா தலைமையில் பன்னிரண்டு பெண்கள். குச்சி இல்லாத அம்பாரம்தானே என்று அதை வாரி, திருப்பூர் லாரியில் ஏற்றிவிட்டார்கள். பக்கத்தில் நின்று சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் திருப்பூரிலிருந்து போன். ஏற்றுமதிக்குப் போட்ட ஊதா நிறத் துணி முழுக்கத் திட்டு. அது எங்களிடம் ஆண்டு முழுக்க உப்பு எடுக்கும் பட்டறை. அது போனால் எங்கள் பாத்திகளில் பாதியைக் காய விட வேண்டியதுதான். மேடம் காலண்டரைப் பார்த்தார். "நாளைக்கி செவ்வாய்தானே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "சூப்பர்வைசர் சார், நீங்களும் வர்றீங்க."

இரவெல்லாம் தயாரித்து என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. லோடு ஏற்றுகிறவர்கள் கவனிக்காமல் ஏற்றிவிட்டார்கள். அவ்வளவுதான். சின்ன வாக்கியம், பொய்யும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் மறுநாள் அஞ்சலை அக்காவின் கோஷ்டிக்கு அளத்தில் வேலை இருக்காது என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பதற்காக விமானத்தைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன்.

லாஸ்பேட்டையில் அதைப் பக்கத்தில் பார்த்ததும் அந்தப் பயம் நிஜமாகவே வந்துவிட்டது. ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை வைத்த மாதிரி இருந்தது. படியில் கால் வைக்கும்போதே மேடத்திடம், "என்ன நடந்துச்சின்னா மேடம்..." என்று ஆரம்பித்தேன்.

"இங்க வேணாம். அங்க போய் அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. என்கிட்ட சொன்னா நான் அதுக்கு நல்லா சட்டை போட்டு, தலை வாரி விட்டுடுவேன்" என்றார்.

விமானம் ஓடி எழும்பியபோது நான் இரண்டு காலாலும் பிரேக் போட்டேன். அது நிற்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோயில்களை எல்லாம் வரிசையாக வேண்டிக்கொண்டு, இரும்பை ஊர்ச் சிவன்வரை வந்தேன். மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்ட பிறகுதான், முன்னந்தலையில் ஏற்கனவே ஒன்றும் இல்லை, சாமி இதை ஏமாற்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று பட்டது. முன்னாலிருந்து கேப்டன், "முன்னாடி மழை மேகம், கொஞ்சம் குலுங்கும்" என்றார். உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ரோட்டில் போயிருந்தால் என் வாக்கியத்துக்கு மெருகு ஏற்றி, சாட்சிகள் சேர்த்து, நானே நம்புகிற அளவுக்குக் கொண்டுவந்திருப்பேன். ஐம்பது நிமிடத்தில் கோயம்புத்தூரில் இறக்கிவிட்டுவிட்டார்கள். அங்கிருந்து காரில் திருப்பூர். விமானத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நான் சொல்கிறேன், விமானத்தில் போனால் பொய் தயாரிக்க நேரம் கிடைக்காது.

பட்டறை ஆபீஸில் முதலாளி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாய மாஸ்டர், நாலு நாள் தூங்காத கண்ணோடு நின்றார். மேசை மேல் திட்டு விழுந்த துணி. மேடம் போய் நின்றார். நானும் நின்றேன்.

"தப்பு எங்களதுங்க" என்றார் மேடம்.

"அது தெரியுமுங்க. எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க" என்றார் முதலாளி.

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். தயாரித்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை.

"நாய் துரத்திச்சுங்க" என்றேன்.

பிறகு எல்லாம் வந்துவிட்டது. குச்சி, நாய், டீ, நான் எழுதிக் கொடுத்த சீட்டு. முதலாளி முகத்தில் அசைவே இல்லை. கேட்டு முடித்துவிட்டு, "நாய் என்ன நிறமுங்க?" என்றார்.

"கருப்புங்க."

அவர் துணியைக் கையில் எடுத்துத் திட்டைத் தடவிப் பார்த்தார். "அதுக்காச்சும் சாயம் ஒழுங்காப் புடிச்சிருக்குதே" என்றார்.

மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு. முதலாளி நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார். மேடம் உட்கார்ந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பது சரி.

போன துணிக்கு ஈடாக மேடம் என்ன சொன்னாரோ அதை முதலாளி ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒன்று சொன்னார். "என் முன்னாடி வந்து நின்னீங்களே, அது மாஸ்டருக்கு முன்னாடி நின்னிருக்கோணுமுங்க. தூக்கம் போனது அவருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை விமானம் மாஸ்டருக்காகப் போனது. அவரும் அவர் வீட்டுக்காரம்மாவும் வந்தார்கள். அவர்களை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அளத்துக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னாராம் மேடம். மேலிருந்து பார்த்தால் பாத்திகளெல்லாம், யாரோ பெரிய பெரிய ஜன்னல்களைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்தது போல இருக்கும். முப்பது வருஷமாக உப்பைத் தண்ணீரில் கொட்டியவர், அது விளையும் இடத்தை அன்றுதான் பார்த்தார். அவர் வீட்டுக்காரம்மா பாத்தியில் விரல் விட்டு வாயில் வைத்துப் பார்த்து, ஏதோ சரிபார்த்துக்கொண்டவர் போலத் தலையாட்டினார். மாஸ்டர் என்னிடம், "அந்த நாயைக் காட்டுங்க" என்றார். காட்டினேன். அது அவர் கையை நக்கியது. துரோகி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லோடுக்கும் முன்னால் மாஸ்டர் எனக்குப் போன் செய்வார். வணக்கம், நலமா எதுவும் கிடையாது. "குச்சி இருக்குதுங்களா?" என்பார். "இருக்குதுங்க" என்பேன். வைத்துவிடுவார். அந்த வாரமே நான் அஞ்சலை அக்காவிடமும் போய் நின்று, அவர்கள் மேல் பழி போடத் தயாராக இருந்ததைச் சொன்னேன். "தெரியும். நீ ஊருக்குப் போறச்சே உன் மூஞ்சிய பாத்தேன்" என்றார். உட்காரச் சொல்லவில்லை. ஒரு மாசம் சொல்லவில்லை.

இப்போது கம்பெனி வேறு கைக்குப் போய்விட்டது. புகார் வந்தால் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு எண் கொடுக்கிறது. எண் மேலே போகிறது, பதில் கீழே வருகிறது, யாரும் எங்கும் போய் நிற்பதில்லை. என் முழங்காலுக்கு நிம்மதி. ஆனாலும் தலைக்கு மேல் சின்ன விமானச் சத்தம் கேட்டால், நான் இன்னும் அம்பாரங்களைத்தான் பார்க்கிறேன், குச்சி இருக்கிறதா என்று.

கம்பெனி கைமாறியதை மேடம் எங்களுக்குச் சொன்ன விதத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை பத்து மணிக்கு எங்கள் விமானம் அளத்துக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. ஆனால் அது வியாழக்கிழமை. எங்கள் முறை இல்லை. மருந்துக் கம்பெனிக்காரர்களிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார் என்றால், யாருக்கோ பெரிய தப்பு நடந்திருக்கிறது. ஓடிப் போய்க் குச்சிகளைப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. நாயைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்குப் போன் செய்தேன். "குறையே இல்லீங்களே" என்றார். கொல்லத்துக்கும் செய்தேன். அங்கும் குறை இல்லை. அப்போதுதான் நிஜமாகப் பயம் வந்தது.

ஒரு மணி நேரத்தில் கார் வந்தது. மேடம் மட்டும் இறங்கினார். ஆபீஸ் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வரப்பில் நடந்து, உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் வந்து நின்றார். உப்பு வாரும் பலகைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"நேத்து ஐதராபாத்துல கையெழுத்து போட்டுட்டேன். அளத்தை வேற கம்பெனிக்குக் குடுத்துட்டேன். என்னால இதுக்கு மேல நடத்த முடியல. இந்த சீசன் முடியற வரைக்கும் உங்க யாரையும் நிறுத்தக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்கேன்" என்றார்.

"அதுக்கு அப்பால?" என்று கேட்டார் அஞ்சலை அக்கா.

"தெரியாது அஞ்சல. அதை எழுதி வாங்க முடியல." பிறகு எங்கள் எல்லோர் பக்கமும் திரும்பினார். "கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இங்க வந்து உங்களைக் கேட்டிருக்கணும். கேக்கல. அது தப்பு."

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று பார்த்தேன், கிடைக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உப்புப் பாத்தியில் வெயில் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும். மேடம் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே நாற்காலியும் இல்லை, மரப்பெட்டியும் இல்லை. உட்காரச் சொல்ல யாருக்கும் மனதும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கேன்வாஸ் ஷூவைச் சுற்றிப் பாத்தித் தண்ணீர் ஊறி ஏறியது. அவர் காலை எடுக்கவில்லை.

அஞ்சலை அக்கா குனிந்து, நிறைத்து வைத்திருந்த பாண்டு என்ற இரும்புச் சட்டியிலிருந்த உப்பை வரப்பில் கொட்டினார். பாண்டைக் கவிழ்த்து மேடம் பக்கம் தள்ளினார்.

"மன்னிக்கிறதெல்லாம் அப்பால பாத்துக்கலாம். வெயிலு ஏறிகினு இருக்குது. குந்தும்மா" என்றார்.

மேடம் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பாண்டுக்கு அடியில் உப்பு நொறுங்கும் சத்தம் வரப்பின் கடைசியில் நின்றவர்கள்வரை கேட்டது.